வேடிக்கை பார்க்கிற வேலை

வேலை நேரத்தில் வேடிக்கை பார்த்ததற்காக நாலு இடத்தில் வேலை போன மனிதருக்கு, கடைசியில் வேடிக்கை பார்ப்பதையே ஒரு வேலையாகக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் அடிக்கும் என்று அவரும் நினைக்கவில்லை, அவரைக் கட்டிக்கொண்டவளும் நினைக்கவில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. வேலை செய்கிற இடத்தில் ‘வேடிக்கை’ என்றார்கள். வயதுக்கு மரியாதை கொடுத்தவர்கள் ‘வேடிக்கை அண்ணே’ என்றார்கள். நாம் ஒரு படி மேலே போய் வேடிக்கையார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்ட வியாதி இது. பால் வாங்கிவர அனுப்பினால், தெருமுனையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று நின்றுவிடுவார். பள்ளத்தில் குழாய் இறங்கி, மண் மூடி, ஆட்கள் கைகால் கழுவிக் கிளம்பிய பிறகுதான் கையில் பால் இருப்பது ஞாபகம் வரும். கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. அதைக் கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. தூக்கி முடிக்கட்டும் என்று மாப்பிள்ளை இறங்கிச் சாலையில் நின்றார். மண்டபத்தில் பெண் நின்றாள். அச்சகத்தில் வேலை பார்த்தபோது காகிதம் சரசரவென்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, கட்டு தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டார். தபால் பட்டுவாடா செய்யும் வேலையில் ஒரே ஒரு கடிதத்தைக் கொடுக்கப் போனவர், எதிர்வீட்டில் நாலு பேர் ஒரு பீரோவைக் குறுகலான படியில் ஏற்றுவதைப் பார்த்து அரைநாளைப் போக்கினார். பீரோ ஏறிவிட்டது. வேலை இறங்கிவிட்டது.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு பெரிய வணிக வளாகத்தில் கேமரா ரூமுக்கு எடுத்தார்கள். கீழ்த்தளத்துக்கும் கீழே, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. கைப்பிடி கிழிந்த நாற்காலி, ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் கருவி. சுவரில் ஒரு பெரிய திரை; அதில் ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வளாகத்தின் ஒவ்வொரு மூலை. படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. திரைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘பணி நேரத்தில் இருக்கையை விட்டு எழக் கூடாது.’

“எந்திரிக்கக் கூடாதாம். பாத்துட்டே இருக்கணுமாம்” என்று முதல் நாள் வீட்டுக்கு வந்து சொன்னார்.

“உங்களுக்குன்னு அளவெடுத்துத் தெச்ச வேலை” என்றாள் மனைவி. அவள் சட்டைக் கம்பெனியில் காலர் வைக்கிறவள். அளவு சரியாக இருந்தால் அவளுக்கு மனம் நிறைந்துவிடும்.

இங்கே அந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேடிக்கை என்றால் என்ன? மனம் லேசாகிறது, சிரிப்பு வருகிறது, பொழுது போவது தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. வேடிக்கையாகப் பேசுகிறவர்களை யாருக்கும் பிடிக்கும். குழந்தைக்கு வேடிக்கை காட்டி ஊட்டினால் ரெண்டு வாய் கூட இறங்கும். ஆனால் அதே வார்த்தையோடு ‘பார்’ என்று ஒன்றைச் சேர்த்தால் போதும், சிரிப்போடு ஒரு வசவும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘வீடு பத்தி எரியுது, சுத்தி நின்னு வேடிக்கை பாத்தாங்க’ என்கிறோம். அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கை நீளவில்லை, அவ்வளவுதான். சந்தோஷமாக இருப்பதற்கும் கையாலாகாமல் நிற்பதற்கும் சேர்த்து ஒரே வார்த்தையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

வேடிக்கையாருக்குப் பத்து வருடம் அந்த வார்த்தையின் நல்ல பக்கம் மட்டுமே தெரிந்திருந்தது. அதற்குக் காரணம் அவருடைய மச்சினன்.

மனைவியின் தம்பி. அவர்களுடைய அம்மா இறந்தபோது அவனுக்கு ரெண்டு வயது, அவளுக்குப் பதினொன்று. அன்றிலிருந்து இடுப்பில் சுமந்து, ஜன்னலில் உட்காரவைத்து, தெருவில் போகிற வண்டியையெல்லாம் காட்டிச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது, “தம்பியும் கூட வருவான், சம்மதம்னா பேசுங்க” என்று சொல்லிவிட்டாள். வேடிக்கையார் சம்மதித்தார். வந்த பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. வாய் மட்டும் முப்பது வயதுக்காரனுக்குரியது. அக்காவுக்கும் மாமாவுக்கும் குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாதபடி வீட்டை அடைத்துக்கொண்டு இருந்தான் அவன்.

அவனுக்கும் அதே வளாகத்தில் வேலை. தரையைக் கழுவித் துடைக்கிற மெஷின் வண்டியை ஓட்டுவான். அதன் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து, கடைகள் திறப்பதற்கு முன்னால் மூன்று மாடியும் சுற்றி வருவான். எந்தக் கட்டத்துக்குள் நுழைந்தாலும் கேமராவுக்கு ஒரு சலாம். கீழே மாமா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியுமே. மூன்றாம் மாடியின் பின்பக்க நடையில், கடைகளுக்குச் சரக்கு போகிற வழியில், காலையில் ஈ காக்கை இருக்காது. திரையில் அது ஏழாவது கட்டம். அங்கே வந்தால் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, தனி ஆட்டமே ஆடுவான்.

நின்றுகொண்டே தூங்கும் காவலாளியாக ஆவான். பை கொள்ளாமல் வாங்கிவிட்டுப் பையைத் தூக்க முடியாமல் தவிக்கும் சீமாட்டியாக ஆவான். ஆனால் அவன் வித்தையிலேயே பெரிய வித்தை, மேலாளர். அந்த மேலாளருக்கு எப்போதோ நடந்த ஒரு விபத்தில் வாய் வலது பக்கமாகக் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது. வலது தோள் இறங்கியிருக்கும். நடக்கும்போது அந்தக் கை ஆடாது. மச்சினன் அதை அப்படியே செய்வான். நடந்து வந்து சுவரில் சாய்ந்து, சறுக்கி உட்கார்ந்து, அறையில் மேலாளர் கண்ணயர்வதுவரை செய்து காட்டுவான். பாவம்தான் அந்த மனிதர். ஆனாலும் ஜன்னல் இல்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

மதியம் ரெண்டு மணிக்கு வேலை முடிந்ததும் கேமரா ரூம் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டுவான்.

“என்ன மாமா, வேடிக்கை எப்படி?”

“வயிறு வலிச்சுப் போச்சுடா மாப்ளே.”

பத்து வருடமாக இதே கேள்வி, இதே பதில். ஆட்டம் சுமாராக இருந்த நாளிலும் வேடிக்கையார் வயிறு வலித்தே தீரும். வீட்டில் இதைக் கேட்டால் அவள், “ரெண்டு பேரும் சம்பளம் வாங்கிட்டுக் கூத்தடிக்கிறீங்க” என்பாள். சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டு பன்னிரண்டு. நேரம் திரையின் மூலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஏழாம் கட்டத்துக்குள் வண்டி வந்து நின்றது. மச்சினன் இறங்கி நாலு அடி நடந்தான். வலது தோள் இறங்கியது. கை ஆடாமல் தொங்கியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“ஆரம்பிச்சுட்டான்” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார் வேடிக்கையார்.

அன்று வலது காலையும் இழுத்து இழுத்து வைத்தான். மேலாளருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. இது மச்சினனின் கைச்சரக்கு என்று அவர் நினைத்தார். சுவரைப் பிடித்தான். சறுக்கி உட்கார்ந்தான். பிறகு இடது கையை மட்டும் தூக்கி, விரல்களை விரித்து, கேமராவைப் பார்த்து நீட்டினான். சலாம் வைக்கிறான். வேடிக்கையார் மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டீ டம்ளரைத் திரைக்கு நேராகத் தூக்கிக் காட்டி, “போதும்டா, என்னால முடியல” என்றார். கை இறங்கியது, மறுபடி ஏறியது. மறுபடி சிரித்தார். இப்படி நாலு நிமிடம்.

அதற்குள் ரெண்டாம் கட்டத்தில் ஒரு சரக்கு லாரி பின்பக்கமாக வர முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. லாரி என்றால் அவரால் விட முடியுமா? அது ஒடித்து, திருப்பி, கடைசியில் சரியாகப் போய் நிற்கும்வரை ஐந்து நிமிடம் பார்த்தார். திரும்ப ஏழாம் கட்டத்தைப் பார்த்தபோது மச்சினன் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். ‘இன்னுமா தூங்குறாரு மேனேஜரு’ என்று ஒரு சிரிப்பு எழுந்து வந்தது. அது பாதியில் நின்றது. வண்டி அணைக்கப்படவில்லை. பிரஷ் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி, நடை நெடுக ஓடி, அவன் கால்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. வண்டியை ஓடவிட்டு இறங்குகிறவன் இல்லை அவன். பத்து வருடத்தில் ஒருநாள்கூட இல்லை.

வயர்லெஸ்ஸை எடுத்து, “மூணாவது மாடி, மூணாவது மாடி” என்றார். பதில் இல்லை. எட்டரை மணி ஆள் கணக்குக்காகக் காவலாளிகள் எல்லாரும் முன்வாசலுக்குப் போய்விட்டார்கள்; கருவிகள் சார்ஜில் கிடந்தன. முதல் கட்டத்தில் அவர்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. ஒருவன் கொட்டாவி விட்டான். வேடிக்கையார் திரையைப் பார்த்து அவர்களைக் கூப்பிட்டார், கத்தினார். ஒன்பது கட்டத்தில் ஒன்றில்கூட ஒருவரும் திரும்பவில்லை. சத்தம் இல்லாத படம் அது. அந்தப் பக்கத்துச் சத்தம் இங்கே வராது, இந்தப் பக்கத்துச் சத்தம் அங்கே போகாது. பத்து வருடம் அதில் அவர் ஒரு குறையும் கண்டதில்லை.

எழுந்தார். காகிதத்தில் எழுதியிருந்ததை மீறினார். அந்த அறையில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. கடை திறப்பதற்கு முன் ஆள் லிஃப்ட் ஓடாது, சரக்கு லிஃப்ட் வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. ஐந்து தளம் படியில் ஓடினார். வாழ்க்கையில் முதல் முறையாக வழியில் எதையும் பார்க்காமல் ஓடினார். மேலே போய் ஆம்புலன்ஸுக்கு அவர் பேசியபோது மணி எட்டு இருபத்தாறு. மச்சினன் கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்தது. வாய் ஏதோ சொல்லப் பார்த்து, சொல்லாமல் நுரைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? யாராவது பாத்தீங்களா? தோராயமா சொல்லாதீங்க. நேரத்தை வெச்சுத்தான் ஊசி போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும்.”

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து சேர்ந்தாள். கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். புடவையில் நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ‘தெரியல, நான் போனப்போ விழுந்து கிடந்தான்’ என்று சொல்லிவிட அவருக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. சொன்னால் ஊசி இல்லாமல் போய்விடும்.

“எட்டு பன்னெண்டு” என்றார்.

“நிச்சயமா?”

“பாத்தேம்மா. திரையில மணி ஓடும்.”

“ஆம்புலன்ஸுக்கு எப்பப் பேசினீங்க?”

“எட்டு இருபத்தாறு.”

டாக்டரம்மா ரெண்டையும் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். காலருக்கு அரை அங்குலம், கால் அங்குலம் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவளுக்கு இந்தக் கழித்தல் ஒரு பெரிய காரியமா? மனைவி அவரைப் பார்த்தாள். ஊசி போட்டு முடிந்து, சாயங்காலம் வந்து, உயிருக்குப் பயமில்லை, வலது பக்கமும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்று சொன்ன பிறகுதான், நடையில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

“பதினாலு நிமிஷம்.”

“ம்.”

“என் தம்பி விழுந்து கெடந்தான். நீங்க வேடிக்கை பாத்துட்டு இருந்தீங்க.”

அவள் அதை வசவாகத்தான் சொன்னாள். கை கட்டி நின்றீர்கள் என்று சொன்னாள். அந்த வார்த்தையின் இன்னொரு பக்கமும் அன்றைக்கு உண்மைதான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை அவள் நாக்கு தொட்டிருக்காது.

“எனக்குப் புரியல. என்ன ஆச்சுன்னே எனக்குப் புரியலம்மா” என்றார்.

அது உண்மைதான், பாதி. அவள் நூல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். “சரி” என்றாள். அந்த ‘சரி’யில் ஒன்றும் சரியாக இல்லை.

நாலாம் நாள் வளாகத்தில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மேலாளர் அறை. ‘எட்டு பன்னிரண்டு முதல் எட்டு இருபத்தாறு வரை தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று அச்சடித்த தாள், கீழே ரெண்டு விரற்கடை இடம். வேடிக்கையார் பேனாவை வாங்கினார். பத்து வருடமாகத் தன் வேலைக்கு அவர் சொல்லி வந்தது ஒரே பெயர்தான். யாராவது ‘என்னண்ணே பண்றீங்க’ என்றால் அதைத்தான் சொல்வார். கை அதையே எழுதிவிட்டது: ‘வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.’

மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னங்க இது? இது மேலிடத்துக்குப் போகும். அவங்களுக்கு நம்ம பேச்சு தெரியாது, மொழிபெயர்த்துத்தான் அனுப்புவோம். ‘ரசிச்சுப் பாத்துட்டு இருந்தேன்’னு போய் நிக்கும். வேற போடுங்க.”

“என்ன போடறதுன்னு தெரியல சார்.”

“கண்காணிச்சேன்னு போட்டா, கண்ணால பாத்தியே, ஏன் ஓடலைன்னு கேப்பான். கவனிக்கலைன்னு போட்டா, அப்ப உன் வேலைதான் என்னன்னு கேப்பான்.” மேலாளர் யோசித்தார். “சரக்கு லாரி ஒண்ணு வந்துச்சுல்ல அப்ப? ‘லாரியைக் கவனித்துக்கொண்டிருந்தேன்’னு எழுதுங்க. அது உங்க வேலைதானே.”

பதினாலில் ஐந்து நிமிடம் அதுவும் உண்மைதான். புதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கப் போனவரை மேலாளர் நிறுத்தினார்.

“என்னை மாதிரி நடந்து காட்டுறான்னு நெனச்சுட்டீங்க. அதானே?”

வேடிக்கையாருக்குத் தலை நிமிரவில்லை. அந்த மனிதரின் தொங்கிய வாயை அப்போது பார்க்க வேண்டியிருந்தால் அங்கேயே செத்திருப்பார்.

“பதிவெல்லாம் நானும் அப்பப்பப் பாப்பேன். எனக்குத் தெரியும்” என்றார் மேலாளர். “நல்லாவே பண்ணுவான். நானே சிரிச்சிருக்கேன்.” தாளை மடித்து உறையில் போட்டார். “அன்னைக்கிப் பதிவை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். உங்க வீட்ல கேட்டாலும். போங்க.”

வேலை தப்பியது. மறுபடி அதே நாற்காலி, அதே ஒன்பது கட்டம். ஆனால் பார்க்கிற கண் கெட்டுப்போயிருந்தது. யாராவது செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் வயர்லெஸ்ஸைத் தூக்கினார். ஒரு கிழவர் சுவரில் கை வைத்துக் கொட்டாவி விட்டதற்கு மூன்று காவலாளிகளை ஓடவிட்டார். காவலாளிகள் முதலில் ஓடினார்கள், பிறகு நடந்தார்கள், பிறகு “அண்ணே, வேடிக்கையை மட்டும் பாருங்கண்ணே” என்றார்கள். மதியம் ரெண்டு மணிக்குக் கதவைப் பார்ப்பார். அது மூடியே இருக்கும். இத்தனை நாளும் அந்தக் கதவு எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடுவதாக அவர் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

மச்சினனை வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டார்கள். வலது கையும் காலும் அவன் சொல் கேட்கவில்லை. நாக்கும் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், “பேச்சுக் குடுத்துட்டே இருங்க. ஒருநாள் அவரா பேசுவாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் கிண்ணத்தில் சோற்றைக் குழைத்துக்கொண்டு உட்காருவாள். முப்பத்தேழு வயது ஆளுக்கு மறுபடி ஊட்டல். நாலு வாய்க்கு மேல் வாயை இறுக்கிக்கொள்வான்.

அவள் வேடிக்கையாரிடம் தேவைக்கு மட்டுமே பேசினாள். மருந்து தீர்ந்துவிட்டது, போர்வை காயவில்லை, இப்படி. ஆனால் அந்த நேரத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் கூப்பிடுவாள்.

“கொஞ்சம் வந்து வேடிக்கை காட்டுங்க. ரெண்டு வாய் கூட எறங்கும்.”

மனிதருக்கு நடிக்க வராது. பார்க்கத்தான் வரும். அதனால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நடப்பதை வாயால் சொல்வார். எதிர்வீட்டில் கட்டிலை மாடிக்கு ஏற்றுகிறார்கள், கால் மாட்டிக்கொண்டது, கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனைத் திட்டுகிறான், ஒரு தள்ளுவண்டிக்காரர் யோசனை சொல்ல வந்து அவரும் மாட்டிக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே போவார். மச்சினன் வாயைத் திறப்பான். சொல்வதை அவன் கேட்கிறானா, சொல்கிறவரைப் பார்க்கிறானா என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கண்ணை நேராகப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. கேமராவுக்கு அடியில் உட்கார்ந்து பதினாலு நிமிடம் மேலே பார்த்த கண் அது. ‘மாமா பாக்குறாரு, வந்துடுவாரு’ என்று நம்பித்தான் பார்த்திருக்கும். அதைவிட எதையும் அவரால் யோசிக்க முடியவில்லை. எத்தனையோ முறை அவளிடம் சொல்லிவிட நினைத்தார். சொன்னால் அவளுக்குத் தம்பியின் பாதி உடம்போடு புருஷனும் போய்விடுவான். சொல்லாவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருந்தான்.

அறுபத்தெட்டாம் நாள். அன்றும் அப்படித்தான், அவர் ஜன்னலில், அவள் கிண்ணத்தோடு. தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அவரும் சும்மா நின்றிருந்தார்.

“வே” என்று ஒரு சத்தம்.

அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“வே… டி… க்கெ.”

“என்னங்க, பேசுறான்” என்றாள் அவள். “பேசுறாங்க. சொல்லுடா, சொல்லு கண்ணு.”

மச்சினன் வேடிக்கையாரைப் பார்த்தான். நெற்றி நரம்பு புடைத்தது. மலை ஏறுகிறவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, “எப்… பி” என்றான்.

“வேடிக்கை எப்படின்னு கேக்குறான். தினம் உங்களைக் கேப்பானே, அதைத்தான் கேக்குறான்” என்றாள் அவள். கண்ணீர் வழிய, ரெண்டு மாதமாகக் காணாத சிரிப்பு அவள் முகத்தில் வந்திருந்தது. “நின்னுட்டே இருக்கீங்களே. பதில் சொல்லுங்க. புள்ள கேக்குறான்ல.”

வேடிக்கையாருக்குச் சொல்வதற்கு இருந்தது ஒரே பதில்.

“வயிறு வலிச்சுப் போச்சுடா மாப்ளே.”

பத்து வருடத்தில் அவர் சொன்னதிலேயே நிஜமான பதில் அதுதான். அதை அவள் கேட்டுவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். மச்சினனின் இடது பாதி முகமும் சிரித்தது. வலது பாதி அப்படியே தொங்கியது. மேலாளர் மாதிரியே இருந்தது. உண்மையை உடைத்துச் சொல்லியாகிவிட்டது, அது பழைய வேடிக்கையாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படியே விட்டுவிடலாம் என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது. யாருக்கும் தெரிய வேண்டாம். அவள் சிரிக்கிறாள். இது போதும்.

அப்போது மச்சினன் இடது கையைத் தூக்கினான். விரல்களை விரித்து, மேலே பார்த்து நீட்டினான். கை இறங்கியது, மறுபடி ஏறியது.

“என்னடா வேணும்? தண்ணியா?” என்றாள் அவள். கை இறங்கவில்லை. “என்னங்க கேக்குறான்?”

“கூப்பிடுறான்” என்றார் வேடிக்கையார். தன் வாய்தான் சொல்கிறது என்று தெரிவதற்குள் சொல்லிவிட்டார். “என்னைக் கூப்பிடுறான். அன்னைக்கும் இப்படித்தான் கூப்பிட்டான். சலாம் வெக்கிறான்னு நெனச்சு நான் சிரிச்சேன்.”

கிண்ணத்தை அவள் மெதுவாகக் கட்டில் விளிம்பில் வைத்தாள். சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. தம்பியின் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பதினாலு நிமிஷமுமா?”

“இல்ல. நாலு நிமிஷம்” என்றார் அவர்.

நாலு குறைவுதான் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.